கொடையும் உரிமையும்: புதுக்கோட்டையில் அரசியல் சித்தாந்தங்களின் தடம்

கேள்வி

2011 சட்டமன்றத் தேர்தலில் புதுக்கோட்டைத் தொகுதி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளரை வெற்றிபெறச் செய்தது. அடுத்த ஆண்டு அவர் சாலை விபத்தில் இறந்தார். 2012 ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதி, தொண்டைமான் அரச குடும்பத்து வாரிசு ஒருவரை அ.தி.மு.க. சார்பில் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஓராண்டு இடைவெளியில் கதிர் அரிவாளிலிருந்து அரச வம்சத்துக்கு நகர்ந்த இந்தத் தாவலை வாக்காளரின் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியின் வரலாறும் இதே மாதிரியானதுதான். 1952இல் கிருபளானியின் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைச் சேர்ந்த முத்துசாமி வல்லத்தரசு, 1957இல் காங்கிரஸ், 1962இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். உமாநாத், கட்சி பிளவுபட்ட பின் 1967இல் மார்க்சிஸ்டாக மீண்டும் அவரே, 1971இல் தி.மு.க., 1977இல் அ.தி.மு.க. முடியாட்சி முடிந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள், இந்திய அரசியலின் பெரும் சித்தாந்தங்களில் பலவற்றுக்கு இந்தச் சிறு நிலப்பகுதி இடம் கொடுத்திருக்கிறது.

அரசியல் சித்தாந்தங்களை அறிமுகப்படுத்தும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் செல்கின்றன. தனிமனிதச் சுதந்திரத்தை முன்வைக்கும் தாராளவாதம், மரபையும் படிநிலையையும் காக்கும் பழமைவாதம், உடைமையைப் பொதுவாக்கக் கோரும் சோஷலிசம், இவற்றுக்குப் பின் தேசியம், பெண்ணியம், சூழலியம். இடது, வலது என்ற பிரிப்பு 1789இன் பிரெஞ்சு தேசிய சபையில் உறுப்பினர்கள் அமர்ந்த பக்கங்களிலிருந்து வந்தது. இந்த வரைபடத்தில் பிழையில்லை. ஆனால் இதை அப்படியே புதுக்கோட்டையின் மேல் விரித்தால் கட்சிப் பெயர்கள் மட்டுமே பொருந்தும். அவற்றின் பின்னால் மக்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பெற்றார்கள் என்பது தப்பிவிடும். சித்தாந்தம் என்பது கருத்துகளின் பட்டியல் அல்ல, எந்தக் கருத்து மையத்திலும் எது ஓரத்திலும் அமைகிறது என்ற அடுக்குமுறை என்று மைக்கேல் ஃப்ரீடன் விளக்கியிருக்கிறார். அந்தப் பார்வையில், இம்மாவட்டத்து அரசியலின் மையத்தில் இருப்பது சுதந்திரமா சமத்துவமா என்ற ஐரோப்பியக் கேள்வி அல்ல என்பது என் வாதம். நிலமும் நீரும் எழுத்தும் ஒருவருக்கு மேலிருந்து அருளப்படுகின்றனவா, அவர் கேட்டு வாங்க வேண்டிய பாத்தியதையாக இருக்கின்றனவா என்பதே இங்குள்ள மையக் கேள்வி. கொடைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள அந்தக் கோட்டை எங்கே நகர்த்தின என்பதைக் கொண்டே இங்கு வந்த சித்தாந்தங்களை மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிட்டால், ஒவ்வொன்றும் அந்தக் கோட்டைச் சற்று நகர்த்தியதும், பின் ஏதோ ஒரு வகையில் கொடையின் பக்கமே சாய்ந்ததும் தெரியவரும்.

கொடையின் அரசு

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த தொண்டைமான் அரசு, பாளையக்காரர் போர்களில் ஆங்கிலேயருக்குத் துணைநின்றதால், அவர்களுக்குக் கப்பம் கட்டாத சமஸ்தானமாக 1948 வரை நீடித்தது. இதன் நில அமைப்புதான் ஆய்வாளர்களை ஈர்த்தது. சாகுபடி நிலத்தின் பெரும்பகுதி வரி செலுத்தும் நிலமாக இல்லை, இனாமாக இருந்தது. படைவீரர், அரண்மனைக் காவலர், கோயில்கள், பிராமணர், கிராமப் பணியாளர் என ஒவ்வொருவரும் அரசரிடமிருந்து பெற்ற நிலத்தை ஆண்டனர். நிக்கோலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ என்ற நூல் இந்த அமைப்பையே தன் அடித்தளமாகக் கொண்டது. சாதிப் படிநிலை பிராமணரின் தூய்மைக் கோட்பாட்டில் வேரூன்றியது என்ற லூயி துய்மோனின் முடிவை மறுத்து, இங்கே மரியாதையும் படிநிலையும் அரசரின் கொடையிலிருந்தே பிறந்தன என்று அவர் நிறுவினார். நிலத்தோடு கோயில் முதல் மரியாதையும் பட்டமும் சேர்ந்தே வந்தன. நவராத்திரியில் அரிசியோடு வழங்கப்பட்ட அம்மன் காசில் பிரகதாம்பாள் உருவம் பொறித்திருந்தது. கொடுப்பவர் அரசர் மட்டுமல்ல, அவர் வழியே தேவியும்தான் என்பதை அந்தச் செப்புக் காசு வாங்கியவர் அனைவரும் அறிந்திருந்தனர்.

பழமைவாதத்தின் உள்ளூர் வடிவம் இதுதான். எட்மண்ட் பர்க் தலைமுறைகளுக்கு இடையிலான உடன்பாடு என்று விவரித்த ஒழுங்கு, இங்கே நில தானங்களின் வலையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சுரண்டல் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது. பெற்றவருக்கு இதில் ஒரு பிடிமானம் இருந்தது. அரசருக்கும் கொடுத்தே ஆக வேண்டிய கடமை இருந்தது. ஆனால் அந்த வலையில் எல்லோருக்கும் இடம் இருந்தது என்று சொல்வது உண்மையாகாது. நிலமும் மரியாதையும் கீழ்நோக்கி இறங்கி வரும்போது, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்கு மிஞ்சியது ஊழியத்தின் சுமை. டர்க்ஸின் நூல் அரசரையும் குறுநிலத் தலைவர்களையும் அருகிலிருந்து காட்டும் அளவுக்குச் சேரிகளைக் காட்டுவதில்லை. கொடையரசின் பெருமையைப் பேசும் எந்த ஆய்வும் இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தாராளவாதம் வந்த வழி

1878இல் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாஸ்திரி, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் அமானி முறையை ஒழித்துப் பணத் தீர்வையைக் கொண்டுவந்தார். 1888இல் இனாம் நிர்ணயம் நடந்தது. ஊழியத்துக்காக வழங்கப்பட்ட பல நிலங்கள், குறைந்த வரி செலுத்தும் சொந்த உடைமைகளாக மாறின. ஊழியம் போய்ப் பட்டா வந்தது. நில ஆவணத்தின் மொழியில் இது தாராளவாதப் புரட்சிதான். அதுவரை அரசரின் அருளாக இருந்த ஒன்று, நீதிமன்றத்தில் வாதாடக்கூடிய உடைமையானது. ஆனால் இந்த உரிமை யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், ஏற்கெனவே இனாம் பெற்றிருந்தவருக்கே கிடைத்தது. அவர் நிலத்தில் உழைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தாராளவாதம் கொடையை ஒழிக்காமல், பழைய கொடையின் பலனை நிரந்தரமாக்கியது. இந்த விஷயம் 1955இல் புதுக்கோட்டை இனாம்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றும் வரை இழுபட்டது என்பதே அதன் கனத்தைக் காட்டும்.

1880களில் இந்தச் சமஸ்தானத்தில் பிறந்த இருவர் இந்த முரணைச் சென்னைச் சட்டமன்றத்துக்கே கொண்டுசென்றனர். ஒருவர் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. மற்றவர் 1887இல் திருமயத்தில் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி. இருவரும் படித்தது புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் முத்துலட்சுமி சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதிதான் அவருக்குக் கதவைத் திறந்தது. பெண்ணுரிமையின் பெருங்குரலாகப் பின்னர் எழுந்தவருக்கு உயர்கல்வி மன்னரின் இசைவால் கிடைத்தது என்பது தற்செயலான செய்தியல்ல. உரிமைக்கான சட்டம் இல்லாத இடத்தில் முதல் அடியைக் கொடைதான் எடுத்துவைக்க முடிந்தது.

சட்டமன்றத்தில் முத்துலட்சுமி செய்தவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று இங்கே முக்கியமானது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1929இல், இந்து அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகள் அனுபவித்துவந்த இனாம் நிலங்களை ஊழியத்திலிருந்து விடுவித்து அந்தப் பெண்களிடமே நிலைநிறுத்த வழிசெய்தது. சேஷையா சாஸ்திரி படைவீரருக்குச் செய்ததை முத்துலட்சுமி கோயில் பெண்களுக்குச் செய்தார் என்று இதைச் சொல்லலாம். சத்தியமூர்த்தியோ காங்கிரஸ் தேசியத்தின் முதல் வரிசைப் பேச்சாளர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்ப்பதில் எவருக்கும் இளைத்தவரல்லர். தேவதாசி முறையை ஒழிக்கும் முயற்சியில் அவர் மரபையும் கலையையும் காரணம் காட்டி எதிரணியில் நின்றார். தேசியம் தன்னளவில் இடதும் அல்ல, வலதும் அல்ல. ஆள்பவரை மாற்றக் கோருவதோடு அது நின்றுவிடலாம், ஆளப்படும் முறையைத் தொடாமலேயே இருந்துவிடலாம். ஒரே ஊர்க் கல்லூரியிலிருந்து வந்த இருவரின் எதிரெதிர் நிலைப்பாடுகள் இதற்குப் போதிய சான்று.

இந்தச் சீர்திருத்தத்தின் விலையையும் குறிப்பிட வேண்டும். நிலம் உரிமையான அதே காலத்தில், அந்தப் பெண்களுக்குக் கோயிலிலும் ஊரிலும் இருந்த சடங்கு மரியாதையும் ஆட்டக்கலையும் பறிபோயின. விராலிமலை முருகன் கோயில் சதிர் மரபின் கடைசிக் கண்ணியாக அறியப்படும் ரா. முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கலை, உரிமையாகத் தொடர வழியின்றி, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அரசு வழங்கும் கௌரவமாகத் திரும்பிவந்தது. ஒழிப்புச் சட்டம் தவறு என்பதற்கு இதை ஆதாரமாக்குவதை நான் ஏற்கவில்லை. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எந்தக் கலையும் நியாயமாகாது. ஆயினும் தாராளவாதம் தனிமனிதரை விடுவிக்கும்போது அவர் சேர்ந்திருந்த கூட்டு வாழ்வுக்கு என்ன ஆனது என்று கேட்கத் தவறுகிறது என்ற விமர்சனம் இங்கே வலுவாகவே நிற்கிறது.

அச்சும் அறிவொளியும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் காகிதக் கட்டுப்பாடு இறுகியபோது, சமஸ்தானம் என்பதால் புதுக்கோட்டையில் இதழ் நடத்துவது எளிதாக இருந்தது. அந்த நாற்பதுகளில் இவ்வூர் தமிழ்ப் பத்திரிகைகளின் தலங்களில் ஒன்றாகியது. கண்ணதாசன் ‘திருமகள்’ இதழில் பணியாற்றியது இங்கேதான். 1947இல் முருகு சுப்பிரமணியன் தொடங்கிய ‘பொன்னி’ பாரதிதாசன் பரம்பரைக் கவிஞர்களை அறிமுகப்படுத்தித் திராவிட இயக்க இலக்கியத்துக்கு ஒரு தளம் அமைத்தது. இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் சென்னை சென்று சக்தி காரியாலயத்தை நிறுவி, டால்ஸ்டாயிலிருந்து தொடங்கி உலகச் சிந்தனைகளை மலிவு விலையில் தமிழருக்கு அளித்தார். முடியாட்சியின் நிழலிலேயே முடியாட்சிக்கு எதிரான சொற்கள் அச்சாயின. திராவிட இயக்கத்தின் தனித்த பங்களிப்பு இங்கே விளங்கும். மரியாதை என்பது மேலிருப்பவர் தரும் பொருள் அன்று, பிறந்த எவருக்கும் உள்ளது என்று அது சொன்னது. மரியாதையே கொடையரசின் நாணயமாக இருந்த ஊரில், நிலச் சீர்திருத்தத்துக்கு இணையான வீச்சு இந்தக் கூற்றுக்கு உண்டு.

இடதுசாரிகளின் பங்கை நாடாளுமன்ற வெற்றிகளைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. வானம் பார்த்த கண்மாய்ப் பாசனமும் சிறு நிலங்களும் நிறைந்த இப்பகுதியில், கீழத்தஞ்சையைப் போன்ற பெருநிலக்கிழார் எதிர்ப்பு இயக்கம் வேர்விட ஏற்ற நில அமைப்பு இல்லை. இடதுசாரி எண்ணம் இங்கே ஆழமாக இறங்கியது வேறொரு வாசல் வழியாக. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் தொண்டர்களையும் முற்போக்கு எழுத்தாளர்களையும் கிராமம் கிராமமாக அனுப்பியது. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்கள் கற்றனர். கல்குவாரிகளில் கொத்தடிமைகளாகக் கிடந்த பெண்கள் குழுக்களாகி, குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினர். பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட நூலில் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். கல்லுடைப்பவர் கையிலேயே குவாரி என்பது சோஷலிசக் கருத்து. அது கட்சிக் கொடியின் கீழ் வராமல் அரசாணையின் கீழ் வந்தது.

இங்கேயும் அதே முரண். உழைப்பவருக்குக் குத்தகை கிடைத்தது ஓர் அதிகாரியின் உறுதியால். அந்த ஆதரவு தளர்ந்த இடங்களில் பழைய ஒப்பந்தக்காரர்கள் திரும்பிவந்தனர். பிரான்சிஸ் கோடி 2013இல் வெளியிட்ட ‘தி லைட் ஆஃப் நாலெட்ஜ்’ இதை நுட்பமாக ஆராய்கிறது. கையெழுத்திடக் கற்ற கிராமத்துப் பெண்கள் மனு எழுதி ஆட்சியரிடம் சென்றபோது, சுதந்திரமான குடிமக்களாகப் பேச அவர்களுக்குக் கிடைத்த வடிவம் பணிந்து வேண்டுகிற விண்ணப்பமாகவே இருந்தது என்பது அவர் காட்டும் சிக்கல். அந்த ஆட்சியர் அலுவலகம் இயங்குவது தொண்டைமான்களின் புதிய அரண்மனைக் கட்டடத்தில். கட்டடம் கைமாறியதை எளிதில் காண முடிகிறது; அதற்குள் நுழைபவர் என்ன நிலையில் நின்று பேசுகிறார் என்பது அத்தனை வேகமாக மாறவில்லை.

மூன்று மறுப்புகள்

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு தேர்தல் கணக்கிலிருந்து வரும். 2011இல் கம்யூனிஸ்ட் வென்றது அ.தி.மு.க. கூட்டணியில்; 2012இல் தி.மு.க. போட்டியிடவே இல்லை. அப்படியிருக்க, இதில் சித்தாந்தத்தைத் தேடுவது வீண் என்பர். கூட்டணிக் கணக்கு வெற்றியாளரைத் தீர்மானித்தது என்பது சரி. ஆனால் ஒரே கூட்டணியின் வாக்காளர் இருவரையும் தயக்கமின்றி ஏற்றார்கள் என்பதுதான் விளக்க வேண்டியது. எவர் வந்தாலும் சட்டமன்ற உறுப்பினரிடம் மக்கள் எதிர்பார்ப்பது ஆவன செய்து கொடுப்பவரை. அந்த எதிர்பார்ப்பின் முன் பொதுவுடைமைக்காரருக்கும் அரச வாரிசுக்கும் உள்ள தூரம் குறுகிவிடுகிறது. கூட்டணிக் கணக்கு செல்லுபடியாவதே அதனால்தான்.

இரண்டாவது மறுப்பு கனமானது. கொடை, உரிமை என்ற பிரிப்பே தாராளவாதத்தின் கண்ணாடி. ஏழைகள் நலத்திட்டங்களை இரந்து பெறவில்லை, பேரம் பேசிப் பெறுகிறார்கள் என்று பார்த்தா சாட்டர்ஜியின் ‘அரசியல் சமூகம்’ என்ற கருத்தாக்கத்தைக் கொண்டு ஒருவர் வாதிடலாம். தமிழகத்தின் பொது விநியோக முறை இதற்கு வலுச்சேர்க்கும். 1997இல் மத்திய அரசு ஏழைகளுக்கு மட்டும் என்று ரேஷனைச் சுருக்கியபோதும், தமிழகம் எல்லோருக்கும் என்பதைக் கைவிடவில்லை. இன்று ரேஷன் அரிசியை யாரும் கொடையாக நினைப்பதில்லை. கடை திறக்கவில்லை என்றால் சாலையை மறிக்கிறார்கள். இந்த மறுப்பின் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். தொலைக்காட்சியும் மிக்சியும் கிரைண்டரும் வெறும் இலவசம் என்று ஏளனம் செய்வோர், தமிழகத்துப் பெண்களின் உழைப்பு நேரத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. தேர்தல் வாக்குறுதியாக இவற்றை அறிவிப்பது முறைகேடாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியது. ஆனால் நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் வெளியிட்ட ஆய்வு செய்த ஒரு பிரிப்பு இங்கே உதவுகிறது. மக்கள் தாமே எழுந்து கோரும் வெகுஜன அரசியல் ஒன்று, காக்கும் தலைவர் அருளும் வெகுஜன அரசியல் மற்றொன்று. திராவிடக் கட்சிகள் இரண்டையும் கையாண்டன என்றார் அவர். பொருள் ஒன்றாகவே இருந்தாலும், அது பையின் மேல் அச்சிட்ட தலைவரின் முகத்தோடு வரும்போது பெறுபவர் நன்றிக்கடன் பட்டவராகிறார். பேரம் பேச முடியும் என்பது உண்மை; பேரத்துக்கு வலுவில்லாதவர் என்ன செய்வார் என்பதற்கு அந்தக் கருத்தாக்கத்தில் பதில் இல்லை.

மூன்றாவது மறுப்பு, எல்லாம் சாதிதான் என்பது. சாதியைச் சித்தாந்தத்துக்கு வெளியே நிற்கும் இயற்கை நிலைபோல இது கொள்கிறது. டர்க்ஸின் ஆய்வு இம்மாவட்டத்தைக் கொண்டே காட்டியது இதற்கு நேர்மாறானது: சாதிப் படிநிலை அரசியலால் உருவாக்கப்பட்டது. உருவாக்கப்பட்டது என்பதாலேயே அதை மாற்றவும் அரசியல்தான் வேண்டும்.

நெடுவாசலும் வேங்கைவயலும்

அண்மை ஆண்டுகளின் இரண்டு நிகழ்வுகள் கொடைக்கும் உரிமைக்கும் இடையிலான கோட்டின் இன்றைய இடத்தைக் காட்டுகின்றன. 2017 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு ஒப்புதல் அளித்தபோது, அந்தப் பட்டியலில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் இருந்தது. ஊர் திரண்டது, வடகாடும் நல்லாண்டார்கொல்லையும் சேர்ந்துகொண்டன. சூழலியம் இங்கே இயற்கையின் மீதான பரிவாகப் பேசவில்லை, சாகுபடி செய்பவரின் பாத்தியதையாகப் பேசியது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. கறம்பக்குடி, திருவரங்குளம், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. போராடிப் பெற்ற சட்டம் அது. ஆயினும் அதை அறிவித்த முதல்வருக்கு விவசாயச் சங்கங்கள் பாராட்டு விழா எடுத்துப் பட்டம் சூட்டின. உரிமையாகக் கேட்டது, வந்து சேர்ந்தபோது கொடையாகக் கொண்டாடப்பட்டது.

நெடுவாசலுக்கு ஊர் என்ற ஒற்றுமை இருந்தது. வேங்கைவயலில் ஊரே இரண்டு. 2022 டிசம்பரில் அங்குள்ள பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. விசாரிக்கச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும், இறையூர் அய்யனார் கோயிலில் அம்மக்களுக்கு அனுமதி மறுக்கப்படுவதையும் கண்டனர். அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றனர். அந்தச் செயலின் நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் கோயில் நுழைவு சட்டமாகி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அது ஆட்சியர் கைப்பிடித்து அழைத்துச் சென்றால்தான் நடக்கும் என்றால், அதை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் குறிப்பிட்டது. அம்மக்களும் விடுதலைச் சிறுத்தைகள், மார்க்சிஸ்ட் உள்ளிட்ட கட்சிகளும் அதை ஏற்க மறுத்து வேறு விசாரணை கோரினர்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விடுத்த எச்சரிக்கைகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பட்ட வாழ்வுக்குள் நாடு நுழைகிறது என்பது ஒன்று. அரசியலில் பக்தி சீரழிவுக்கே இட்டுச்செல்லும் என்பது மற்றொன்று. புதுக்கோட்டையின் வரலாற்றோடு வைத்துப் படித்தால் இவை இரண்டும் ஒரே எச்சரிக்கையின் இரு பக்கங்கள். சமூகத்தில் சமநிலை இல்லாதவர், அரசிடம் தமக்குரியதைக்கூடப் பக்தராக நின்றே கேட்க நேர்கிறது. தாராளவாதம் பட்டா கொடுத்தது, திராவிட இயக்கம் தன்மதிப்பைச் சொல்லிக்கொடுத்தது, இடதுசாரிகள் எழுதக் கற்பித்தனர், சூழலியம் நிலத்தைக் காக்க ஊரைத் திரட்டியது. இவற்றில் எதுவும் வேங்கைவயல் தொட்டியடி வரை முழுதாகச் சென்று சேரவில்லை. அங்கே பஞ்சாயத்துக்குச் சட்டப்படி உள்ள கடமை குடிநீர் வழங்குவது. அந்தக் கடமையைக் கிராம சபையில் எழுந்து நின்று, எவர் துணையுமின்றி, ஒரு பட்டியல் சாதிப் பெண் கேட்கவும், கேட்டதற்குப் பதில் தீர்மான ஏட்டில் பதிவாகவும் என்ன தடையாக இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் இம்மாவட்டத்தின் சித்தாந்த வரலாற்றை அடுத்து எழுதத் தொடங்க வேண்டும்.